நான்கு கருணை மதிப்பெண்கள்

கிருபாபுரம் மேல்நிலைப் பள்ளியின் கணினி அறையில் நாற்பது கணினிகள் இருந்தன. பத்து வருஷமாகியும் நாற்பதும் பழுதில்லாமல் இருந்தன. யாரையும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் ஒரு பூப்போட்ட துணி, அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு இரண்டு சாவி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பக்கத்திலிருந்த தேவாலயத்துக்குள்கூடச் சிலர் செருப்போடு போய் வந்தார்கள். அதைக் கர்த்தர் மன்னித்தார். கணினி அறை விஷயத்தில் தலைமையாசிரியர் எபநேசர் பொன்னுதுரை மன்னிப்பதில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்று மட்டும் நாற்பதும் ஒன்றாக எரியும். அதிகாரி வாசலில் நின்று பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார். மறுபடி உறை, துணி, பூட்டு.

கணினி ஆசிரியை ஜெபக்கனி இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வாரம் ஒருமுறை நாற்பதையும் துடைப்பாள். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணினிப் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பாள். படம் நன்றாக வரும். சும்மா கிடக்கிற கணினியைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்துதான்.

ஜெபக்கனியின் கணவன் தவசிமுத்து இருபது வருஷம் மினிபஸ் ஓட்டியவன். அவனுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். இந்த நோய்க்கு மருந்து இல்லாமலில்லை, ஒன்பது மருந்து இருக்கிறது. தனித்தனியாகக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. சரியான அளவில் கலந்து கொடுத்தால் நோய் அப்படியே நின்றுவிடும். தப்பான அளவில் கலந்தால் நோய் கொல்வதற்கு முன்னால் மருந்து கொன்றுவிடும். சரியான அளவு ஆளுக்கு ஆள் வேறு. ஏறத்தாழ பதினோராயிரம் கலவை உண்டு.

"பதினோராயிரத்தையும் இவருக்குக் குடுத்துப் பாக்க முடியாதுல்ல. அதனால ஸ்கேன், ரத்தம், மூச்சு எல்லாத்தையும் வெச்சு கம்ப்யூட்டர்ல இவரை மாதிரியே ஒரு உடம்பு செய்வோம். நிழலுடல்னு பேரு. மருந்தை அதுக்குக் குடுப்போம். செத்தா அது சாகட்டும்."

"செஞ்சிட்டியளா?" என்று கேட்டான் தவசிமுத்து.

நிழலுடல் தயாராக இருந்தது. அதை ஓட்டத்தான் கணினி இல்லை. உலகத்தின் பெரிய கணினிகளெல்லாம் யாருக்கு எந்தச் செருப்பு விளம்பரம் காட்டலாம் என்று கணக்குப் போடுவதில் மும்முரமாக இருந்தன. அதனால் நிழலுடல் திட்டம் சும்மா கிடக்கும் கணினிகளை நம்பி நடந்தது. மனசிருக்கிறவர்கள் தங்கள் கணினியைக் கொஞ்ச நேரம் கொடுத்தால், கணக்கைத் துண்டு துண்டாக்கி அனுப்புவார்கள். துண்டை முடித்துத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். காத்திருந்தவர்கள் வரிசையில் தவசிமுத்துவின் முறை வர இரண்டே கால் வருஷம் ஆகும். அவன் இன்னும் எத்தனை நாள் என்று ஜெபக்கனி தனியாகப் போய்க் கேட்டபோது, ஒரு வருஷம், கூடக் குறைய, என்றார் டாக்டரம்மா.

பிறகு இன்னொன்றும் சொன்னார். நாற்பது கணினி கொடுக்கிற ஒரு நிறுவனம் ஒரு நோயாளியைத் தத்தெடுக்கலாம். வரிசையில் நிற்கவேண்டாம். அந்த ஆளின் கணக்கு முழுவதும் அங்கேயே ஓடும்.

"நாப்பதா?" என்றாள் ஜெபக்கனி.

எபநேசர் சாரிடம் அவள் மூன்று முறை போனாள்.

முதல் முறை, தாளாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். முடியாது என்பதற்கு அந்தப் பள்ளியில் வழங்கிய சொல் அது. இரண்டாம் முறை அவரிடம் சில நியாயமான சந்தேகங்கள் இருந்தன. நாள் முழுக்க ஓடினால் கணினி களைத்துப்போகாதா. உறையைக் கழற்றினால் தூசி யார் பொறுப்பு. வியாதிக்காரர் உடம்பைக் கணினிக்குள் விட்டால், பிறகு அதில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஏதாவது வந்துவிடாதா. அவர் வரலாற்று ஆசிரியர்; கொள்ளை நோய்களைப் பற்றி நிறையப் படித்திருந்தார். ஜெபக்கனி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டார். கடைசியில் தாளாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மூன்றாம் முறை அவள் நியாயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். கணினி கொடுத்த நிறுவனங்களின் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு பட்டியலில் வரும் என்றாள்.

எபநேசர் சார் பேனாவை மூடினார். "நம்ம ஸ்கூல் எத்தனாவதா வரும்?"

"தெக்க வேற எந்த ஸ்கூலும் கெடையாது சார்."

"அப்ப முதலிடம்."

"அப்படியும் சொல்லலாம் சார்."

திரையில் என்ன தெரியும் என்று கேட்டார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவருக்கு விளக்கவேண்டுமே. ஜெபக்கனி ஒரு கணம் யோசித்தாள். ஒரு கலவையை நிழலுடல் எவ்வளவு தாங்குகிறது என்பதை நூற்றுக்கு ஒரு எண்ணாகக் காட்டுவார்கள். அறுபதுக்குக் கீழே போனால் மருந்தே ஆளை முடித்துவிடும் என்று பொருள். இதை எப்படிச் சொல்ல.

"மார்க் மாதிரி சார். நூத்துக்கு மார்க். அறுவது எடுத்தா பாஸ், எடுக்காட்டா ஃபெயில்."

இத்தனை வருஷத்தில் கணினி பற்றி அவள் சொன்ன எதுவும் அவருக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. தாளாளரைக் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை: முதல் மணிக்கு ஆரம்பித்துக் கடைசி மணியோடு நிறுத்திவிடவேண்டும்; மணி அடித்ததும் மெயின் சுவிட்ச் அணைந்துவிடும்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. சாதாரணமாக ஒரே கணக்கை இரண்டு நாட்டில் இரண்டு கணினியில் ஓட்டி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். தத்தெடுத்த நிறுவனம் விரும்பினால் இரண்டையும் தன் அறைக்குள்ளேயே ஓட்டிச் சரிபார்க்கலாம். விடை வேறுபட்டால் பொறுப்பாளர் மூன்றாவது கணினியில் ஓட்டி, வருகிற எண்ணைப் பதியவேண்டும். இப்படிச் செய்தால் வேலை மூன்று மடங்கு சீக்கிரம் முடியும். நிறுவனம் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள ஒப்புகிறதா? ஜெபக்கனி ஒரு வருஷத்தை நினைத்தாள். கட்டத்தில் டிக் போட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் நாற்பது கணினிகளும் உறை கழற்றி ஓட ஆரம்பித்தன. பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். கணினி இவ்வளவு நேரம் எரிந்து அவர்கள் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தவசிமுத்து ஜன்னலோர நாற்காலியிலிருந்து முதல் கேள்வி கேட்பான்.

"ஏட்டி, இன்னைக்கி எத்தன தடவ செத்தேன்?"

"இருவத்தாறு."

"நேத்து முப்பத்தொண்ணுல்லா. தேறிட்டேன்."

பஸ் ஓட்டியபோது இரைந்து பேசியே பழகியவன், இப்போது ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னான். வாயை மட்டும் குறைக்கவில்லை. சாவதெல்லாம் உன் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, அப்படியானால் வருகைப் பதிவேட்டில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்களா என்பான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது, எனக்கு அங்கே நாற்பது இடத்தில் வேலை என்பான். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள்.

நவம்பரில் முதல் அறிக்கை வந்தது. கிருபாபுரம் மேல்நிலைப் பள்ளி: முடித்த கலவைகள் 2,316. தேறியவை 0.

எபநேசர் சார் அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். அந்தப் பள்ளி பதினோரு வருஷமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் அதற்கு பிளெக்ஸ் பேனர் உண்டு. உலகப் பட்டியலில் இப்போது பூஜ்யம். ஃபெயிலானால் நல்லதுதான் என்று ஜெபக்கனி எழுந்து விளக்கினாள்.

"ஒவ்வொரு ஃபெயிலும் அவிய சாவ வேண்டாத ஒரு சாவு சார்."

"புரியிது டீச்சர்," என்றார் எபநேசர் சார். "லிஸ்டப் பாக்குறவனுக்கும் புரியணும்லா."

அன்று கூட்டத்தில் ஒன்றும் பேசாமல் இருந்தவர் தீமோத்தேயு சார். கணித ஆசிரியர், தேர்வுப் பொறுப்பாளர். கிருபாபுரத்தில் இருபத்தெட்டு வருஷமாக அவர் ஒரு பிள்ளையையும் ஃபெயில் ஆக்கியதில்லை. முப்பத்தொன்றில் நிற்கும் பிள்ளையின் தாளை மறுபடி எடுத்து, அடித்த விடையில் ஒரு வரி, விட்ட விடையில் ஒரு படம் என்று தேடித் தேடி நான்கு மார்க் சேர்த்து முப்பத்தைந்தாக்கிவிடுவார். ஒன்றுமே கிடைக்காவிட்டால் கருணை மதிப்பெண். அந்த வட்டாரத்தில் போலீஸ்காரர், நர்ஸ், கண்டக்டர் என்று உத்தியோகத்திலிருந்த பலர் அவருடைய நான்கு மார்க்கில் நிற்பவர்கள். மோசமான மனிதர் என்று அவரைச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

டிசம்பர் நடுவில் தவசிமுத்துவுக்கு மூச்சு முட்டி, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகவேண்டியதாயிற்று. நான்கு நாள் விடுப்பு. கணினி அறையை யாரிடமாவது ஒப்படைக்கவேண்டும். தேர்வுப் பொறுப்பாளரைவிடப் பொருத்தமான ஆள் யார். கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். எண் வித்தியாசப்பட்டால் திரையில் ஒரு கட்டம் வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றாள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவள் சொல்லவில்லை. வண்டி வாசலில் நின்றது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஓடிவந்தார். அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. 3,107ஆவது கலவை தேறிவிட்டது. அறுபது. சரியாக அறுபது.

"பார்டர் பாஸ்தானா," என்றான் தவசிமுத்து. அவனும் சிரித்தான். அவளும் அன்றைக்கு அடுப்படி தேடாமல் சிரித்தாள்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி மருந்தை ஆரம்பித்தார்கள். ஜனவரி ஆறாம் தேதி, இருபதாவது நாள், தவசிமுத்து இறந்தான். நுரையீரல் அல்ல, ஈரல் நின்றது. அறுபது என்றாலும் நூறு இல்லைதானே, நாற்பது பங்கு ஆபத்து இருக்கத்தானே செய்தது என்றார் டாக்டரம்மா. ஜெபக்கனியும் அதை ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொள்வதற்கு எளிதான விஷயம் அது ஒன்றுதான் இருந்தது.

எட்டாம் நாள் தீமோத்தேயு சார் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கடுங்காப்பி கொடுத்தாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்ற ஒரே எண்ணத்தில், சொன்னார்.

"நம்ம கையில உள்ளதச் செஞ்சோம் டீச்சர். அந்த ஒரு கலவ ஃபெயிலாத்தான் கெடந்துச்சி. நான்தான் தூக்கிவிட்டேன்."

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். "எத்தன சார் வந்துச்சி?"

"ஒண்ணுல அம்பத்திநாலு, இன்னொண்ணுல அம்பத்தாறு. ரெண்டு பேரு திருத்தி ரெண்டு மார்க் வந்தா கூடுனதத்தான் எடுக்கணும். பேப்பர் திருத்துற கேம்ப்ல அதான் வழக்கம். அம்பத்தாறு. நாலு மார்க்குல ஒரு ஆள எப்படி விடுதது? ஒம்பதாங்கிளாஸ்லயும் தவசிக்கு நாலு மார்க்குதான் போட்டேன். எம் மாணவன்லா."

"மூணாவது மெஷின்ல ஓட்டலையா?"

"ஓட்டலாம்னுதான் பாத்தேன். பெல் அடிச்சிட்டு."

முற்றத்தில் வேறு யாரோ வந்து நின்றார்கள். தீமோத்தேயு சாரின் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுச் சொல்லாமல் வைத்திருந்தவரின் வெட்கம் இருந்தது. மருந்து கொன்றது என்று அவருக்குத் தெரியாது. நோய்தான் கொன்றது, மருந்து முந்திக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"காப்பி ஆறுது சார்," என்றாள் ஜெபக்கனி.

பதினாறாம் நாள் பள்ளிக்குப் போனாள். கணினி அறையைத் திறந்து, திட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். 3,107ஆவது கலவையின் எண் கணக்கில் வந்ததல்ல, கையால் போட்டது. அதுவரைக்கும் ஒரு நிமிஷத்தில் எழுதினாள். யார் கை என்று எழுதும் இடத்தில் வெகுநேரம் நின்று, கடைசியில் 'எங்கள் பள்ளி' என்று எழுதினாள். டிக் போட்ட கை அவளுடையதுதானே. மார்க் என்று முதலில் சொன்ன வாயும்.

மறுநாளே பதில் வந்தது. ஒரு நிழலுடலில் தேறிய கலவை என்பதால், அதே மாதிரி நுரையீரல் உள்ள வேறு மூன்று பேருக்கு அதைக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. ஒருவருக்கு வருகிற திங்கட்கிழமை. நிறுத்திவிட்டார்கள். நன்றி சொல்லியிருந்தார்கள். பள்ளியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். கடைசியில் ஒரு கேள்வி. பிழையின் அளவு தெரியவேண்டுமானால், எந்த மருந்தும் கொடுக்காமல் தவசிமுத்துவின் நிழலுடலை டிசம்பர் பதினெட்டிலிருந்து அதன் முடிவு வரை ஓட்டிப் பார்க்கவேண்டும். இதை வேறு நாட்டில் யாரிடமாவது கொடுத்துவிடலாம். நீங்களே செய்ய விரும்புகிறீர்களா?

ஜெபக்கனி நான்காவது முறையாக எபநேசர் சாரின் அறைக்குப் போனாள். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைத் தள்ளி வைத்தார்.

"தீமோத்தேயுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். நீங்கதான் சொல்லணும். என்னால ஆவாது."

ஆள் அனுப்பிக் கூப்பிட்டுச் சொன்னார். தீமோத்தேயு சார் நின்றுகொண்டே கேட்டார். பிறகு, "அம்பத்தாறும் நாலும் அறுவதுதான?" என்றார். அவர் நாற்காலி இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளை, இருந்தது.

எபநேசர் சார் ஜெபக்கனியிடம் கேட்டார். "இதுக்கு லிஸ்ட்ல பேரு வராதுல்லா?"

"வராது சார்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, கணினி அறையின் இரண்டாவது சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி ஓட்டம் ஆரம்பித்தது. இந்த முறை நாற்பது கணினியும் சேர்ந்து ஒரே ஒரு நிழலுடலை ஓட்டின. திரையில் ஒரு தேதி, அதன் கீழே நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று ஓர் எண், வேறு ஒன்றுமில்லை. முதல் மணியிலிருந்து கடைசி மணிக்குள் ஐந்து நாள் ஓடும்.

நான்காம் நாள் திரையின் தேதி ஜனவரி ஆறைத் தாண்டி ஏழுக்குப் போனது. மூச்சு நிமிஷத்துக்கு இருபத்தெட்டு. ஜெபக்கனி எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் என்ன தெரிந்துவிடப்போகிறது என்று பிறகுதான் தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தீமோத்தேயு சார் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியிலேயே நிற்பார். உள்ளே வரமாட்டார், ஒன்றும் கேட்கமாட்டார், தேதியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு வாரம் இப்படி நடந்தது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி நிழல் நிஜத்தை எட்டிப்பிடித்தது. அன்று ஒரு நாள் காலையில் திரையிலும் பிப்ரவரி பதினொன்று, சுவர்க் காலண்டரிலும் பிப்ரவரி பதினொன்று. இரண்டாவது பீரியடு முடிவதற்குள் திரை பன்னிரண்டுக்குப் போய்விட்டது. பிறகு அவளால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் தீமோத்தேயு சார் முதன்முறையாக வாய் திறந்தார்.

"நிக்கவே இல்லையே டீச்சர்."

"நிக்கணும்னு நெனக்கியளா சார்?"

அவர் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டெய்லி அப்படித்தான் ஜெபம் பண்ணுதேன். இன்னைக்கி நின்னுரணும், இன்னைக்கி நின்னுரணும்னு. இது போவப் போவ அவங்கிட்டருந்து நான் எடுத்த நாளுல்லா கூடிக்கிட்டே போவுது. ஒருத்தன் சாவணும்னு ஜெபம் பண்ணுதேன். கர்த்தர் காதுல வாங்குவாரா?"

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. தினமும் காலையில் மெயின் சுவிட்சைப் போடும்போது அவளும் ஒரு கணம் நிற்கத்தான் செய்தாள். சீக்கிரம் நின்றுவிட்டால் பரவாயில்லை, எப்படியும் போயிருப்பான், யார் கையிலும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த மூச்சிலேயே, இன்னும் ஐந்து நாள், இன்னும் ஐந்து நாள் இரு என்று வாய் முணுமுணுத்துவிடும். புருஷன் சீக்கிரம் சாகவேண்டுமா, வெகுநாள் இருக்கவேண்டுமா என்று தெரியாமல் ஒரு பெண் சுவிட்ச் போர்டின் முன்னால் நின்றால், மற்றவர்களுக்கு அவள் மின்தடையைச் சரிபார்க்கிற மாதிரித்தான் தெரியும். எலக்ட்ரீசியனைக் கூப்பிடவா டீச்சர் என்று அலுவலக உதவியாளர் இரண்டு முறை கேட்டார்.

மே பதினேழு அவர்களுடைய கல்யாண நாள். திரை அதை மார்ச் ஒன்பதாம் தேதி, நான்காவது பீரியடில் கடந்தது. அந்த நேரம் அவளுக்குப் பத்தாம் வகுப்பில் பாடம். விட்டுவிட்டு வரமுடியவில்லை. கரும்பலகையில் கணினிப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வந்து பார்க்கும்போது மே பதினெட்டு. மூச்சு முப்பத்திரண்டு.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு மத்தியானம், பன்னிரண்டே காலுக்கு ஓட்டம் நின்றது. நாற்பது திரையிலும் ஒரே தேதி. ஆகஸ்ட் ஒன்பது. அதன் கீழே எண் இருந்த இடம் காலி.

வாசல்படியில் தீமோத்தேயு சார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று அவளுக்குத் தெரியாது.

"இருநூத்திப் பதினஞ்சு," என்றார் அவர். கணக்கு வாத்தியார், தாள் வேண்டியிருக்கவில்லை. ஜனவரி ஆறிலிருந்து ஆகஸ்ட் ஒன்பது வரை இருநூற்றுப் பதினைந்து நாள். அதற்குமேல் அவர் நிற்கவில்லை. வராந்தாவில் பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொல்வது கேட்டது. ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவர் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டே போனார்.

ஜெபக்கனி முடிவைத் திட்டத்துக்கு அனுப்பினாள். நாற்பது கணினியையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். பிறகு மேஜையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் விடுப்புக் கடிதம் எழுதினாள். எடுத்துக்கொண்டு எபநேசர் சாரிடம் போனாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு நாள் தற்செயல் விடுப்பு. தேதி, ஆகஸ்ட் ஒன்பது. காரணம், கணவர் மரணம்.

கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஜனவரியிலயே இதுக்குப் பதினஞ்சு நாள் எடுத்துட்டியள டீச்சர்."

"ஆமா சார்."

"இதுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு."

"அன்னைக்கி எழுத முடியுமோ என்னமோன்னு இப்பமே எழுதிட்டேன் சார்."

முப்பத்தொரு வருஷச் சர்வீஸில் அவர் எத்தனையோ பொய்க் காரணங்களை வாசித்திருக்கிறார். ஒரே பாட்டியை நான்கு முறை அடக்கம் செய்த ஆசிரியர்களுக்குக்கூட முகத்துக்கு நேரே கேள்வி கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாளை மேஜைமேல் நேராக வைத்து, மடிப்பைக் கையால் நீவினார். பேனாவைத் திறந்தார். 'அனுமதிக்கப்படுகிறது' என்று முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார். அவள் திரும்பும்போது கூப்பிட்டார்.

"டீச்சர்."

"சார்."

"இன்னைக்கி எப்படி இருக்காரு?"

ஜெபக்கனி கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். இன்றைய தேதியைத் திரை பிப்ரவரியிலேயே தாண்டிப் போயிருந்தது. அன்றைக்கு எண் என்ன என்று அவளுக்கு நினைவிருந்தது.

"மூச்சு வாங்குது சார். படி ஏற முடியல," என்றாள். "இருக்காவ."